பாய்க்குள் உட்கார்ந்த நர்ஸ்

சமோவாவின் உபோலு தீவில் தட்டம்மை பரவிய வருஷம்தான் நர்ஸ் மரேட்டாவின் கைக்கு நடுக்கம் வந்தது. இருபது வருஷமாகப் பச்சைக் குழந்தைக்கும் நரம்பு தேடி ஊசி ஏற்றிய கை அது. அதே ஊர் லூசியாவின் மூத்த பையன் தட்டம்மையில் மூச்சு வாங்கிக்கொண்டு வார்டில் கிடந்தபோது, எத்தனை தடவை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. கடைசியில் டாக்டர் வந்து ஏற்றினார். பையன் அன்று மாலையே போய்விட்டான்.

"நோய் முத்தி வந்த புள்ளடி. ஆண்டவரே வந்து குத்தியிருந்தாலும் பொழச்சிருக்காது," என்றாள் தலைமை நர்ஸ் ஃபெடுவாவோ. எங்கே காதில் ஏறியது? அதற்கப்புறம் எந்தக் குழந்தையைத் தொட்டாலும் மரேட்டாவுக்குக் கை உதறியது. நாம் நர்ஸே இல்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

சமோவாவில் கொலை செய்தவன்கூட, விடியலில் எதிராளி வீட்டு வாசலுக்குப் போய், தலையோடு பாயைப் போர்த்திக்கொண்டு உட்காருவான். வீட்டார் பாயை விலக்கினால் மன்னித்ததாக அர்த்தம். மரேட்டாவும் பாயை எடுத்துவிட்டாள்.

"அடி பைத்தியக்காரி! தப்பு செஞ்சவதான் பாய்க்குள்ள உட்காருவா. நீ போய் உட்கார்ந்தா நாளைக்குத் தடுப்பூசிக்கு எவ புள்ளையக் குடுப்பா?" என்று கத்தினாள் ஃபெடுவாவோ.

"எனக்குத் தூக்கம் வரணும்க்கா."

பாவி, தன் தூக்கத்தைத்தான் நினைத்தாள்.

மறுநாள் விடியலில் தன் வாசலில் உட்கார்ந்திருந்தவள் மேலிருந்து லூசியா பாயை விலக்கினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மரேட்டாவுக்கு மனசு லேசாகிவிட்டது; கை நடுக்கம்கூட நின்றிருந்தது. அந்தத் தெம்பில் ஓடிப்போய் ஊசிப் பெட்டியை எடுத்து வந்தாள். "சின்னவளக் குடும்மா, தடுப்பூசி போட்டுடறேன்."

லூசியா குழந்தையை மார்போடு இறுக்கினாள். "மன்னிச்சுட்டேன் சிஸ்டர், மனசார மன்னிச்சுட்டேன். ஆனா எம்புள்ள மேல இனிமே ஊசி படக்கூடாது."

"நான் வேணாம். வேற நர்ஸ வரச் சொல்றேன்."

"எவளும் வேணாம்! நீங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டீங்கள்ல?"

எவ்வளவோ கெஞ்சினாள், பலிக்கவில்லை. வேலியோரம் நின்று பார்த்த பெண்களும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

அந்த மாசம் முடியுமுன் சின்னவள் உடம்பெல்லாம் சிவந்து வார்டுக்கு வந்தாள். "நீங்களே பாருங்க சிஸ்டர்," என்று லூசியா காலைப் பிடித்தாள். மரேட்டாவின் கை துளிகூட ஆடவில்லை. முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ஆனால் நோய் அதற்குள் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது.

சின்னவளும் போய், எல்லாம் முடிந்தபின் லூசியா அவள் தோளில் சாய்ந்து, "உங்க மேல தப்பே இல்ல சிஸ்டர்," என்று அழுதாள்.

மூத்தவன் விஷயத்தில் அது சத்தியம். சின்னவள் விஷயத்தில் பொய் என்று மரேட்டாவுக்குத் தெரியும்.