கடற்கல் சுண்ணாம்பும் ஒரு தூக்குவாளித் தண்ணீரும்

1. கரையில் நில் என்றார்

எனக்குக் கடல் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, மிஞ்சிப்போனால் குளம். மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில், பட்டப்பகலில், என் முழங்காலைச் சுற்றிக் கடல் ஏறி வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சுண்ணாம்பு வேலை.

அறுபதுகளில் எங்கள் ஷாப்பில் வேலை நடந்த முறையைச் சொல்கிறேன். பச்சைத் தோல் உப்புத் தடவி வரும். அதை ஊறல் குழியில் போட்டு உப்பைக் கழுவுவோம். அடுத்தது சுண்ணாம்புக் குழி. சுண்ணாம்பு சரியாக இருந்தால்தான் முடி கழலும். அதில் மண் கலந்திருந்தால் தோலில் கீறல் விழும். கீறல் விழுந்த தோலை வாங்க ஆள் கிடையாது. நான் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. தினமும் காலையில் குழிக்கு விடுகிற தண்ணீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். நேற்று இருந்த மாதிரி இருந்தால் வேலையைத் தொடங்கச் சொல்வேன். எல்லா மேஸ்திரிகளும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். கையில் வெள்ளைக் கல் ஒன்று வைத்திருந்தார். அதில் சல்லடை மாதிரி ஓட்டைகள்.

"ஏலே காதரு, இது கடல் கல்லுடா. சுட்டா சுண்ணாம்பு பால் மாதிரி வருது. ஒரு பொடி மண்ணு கெடையாது. நீ போயி நின்னு, நல்ல கல்லாப் பாத்து லாரியில ஏத்திவிடு. இங்கன நம்ம காளவாயில சுட்டுக்குவோம்."

"எனக்குக் கடல்னா பயம் மொதலாளி."

"ஒன்னைய யாருடா குளிக்கச் சொன்னா? கரையில நில்லு."

அந்தக் கரை நிற்குமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

2. அந்தக் குப்பத்தில் ஒரே கிணறு

குப்பத்தில் ஓலைக் குடிசைகள் ஒரு வரிசை. குடிக்க ஒரே ஒரு கிணறு, அதுவும் மணலில். போன அன்று பழக்கதோஷத்தில் அதிலும் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். எங்கள் ஊர்ச் சிறுமலை ஊற்றுத் தண்ணீர் தோற்றுப்போகும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு தண்ணீரா என்று அசந்துபோனேன்.

கரைக்கு எதிரே கடலுக்கடியில் சுவர் மாதிரி நீளமாகக் கல் வளர்ந்து கிடந்தது. அதைப் 'பார்' என்றார்கள். குப்பத்து ஆண்கள் வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் அதை உடைத்து வருவார்கள். காண்ட்ராக்டர் கரையில் குவித்து வைப்பார். நான் பார்த்துப் பார்த்து லாரியில் ஏற்றுவேன். நல்ல கல்லாக வேண்டுமென்று நான்தான் கேட்டேன். அவர்களும் உள்ளே உள்ளே போய் நல்ல கல்லாக உடைத்தார்கள்.

சில வாரம் போனது. ஒரு காலை நாக்கில் வைத்த தண்ணீர் லேசாகக் கரித்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கிணற்றடியில் சூசையம்மா நின்றாள். எனக்குச் சோறு பொங்கிப் போட்டவள். அவள் புருஷனும் கல் உடைக்கப் போகிறவன்தான்.

"அக்கா, தண்ணி கரிக்குதா?" என்றேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள். "மெதுவாப் பேசுங்க பாய்."

"ஏன்?"

"எங்களுக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான் குடிக்கிறோம். கரிக்குதுன்னு பேச்சு கெளம்புனா கல்லெடுப்ப நிறுத்தணும். அத நிறுத்துனா அடுப்பு எரியாது. பாரு ஒடஞ்சதுல மீனும் போயிருச்சு. வலையில பாசிதான் வருது."

"கல்லு எடுத்தா கெணறு ஏன் கரிக்கணும்?"

"அந்தப் பாருதான் எங்களுக்கு மதிலு. அல அங்கனயே மோதி ஒடஞ்சிரும். கரைக்கு வாரப்ப நாய்க்குட்டி கணக்கா கால நக்கிட்டுப் போகும். இப்ப மதில்ல வாசல் வச்சுட்டீங்க. நீங்க வந்த அன்னைக்கு அந்தத் தென்ன எங்க நின்னுச்சு? இப்ப எங்க நிக்குது? போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். நான் வந்த அன்று அந்தத் தென்னைக்கும் தண்ணீருக்கும் நடுவே வலை காயப்போட்டிருந்தார்கள். இப்போது அதன் வேர் தண்ணீருக்குள் தொங்கியது. திரும்பிக் கிணற்றைப் பார்த்தேன். அடுத்து அதுதான். அதற்குப் பிறகு எந்த வேலை செய்தாலும் கடலுக்கு முதுகு காட்டி நிற்க முடியவில்லை.

காண்ட்ராக்டரிடம் சொன்னேன். சிரித்தார். "கடல் ஏறும், எறங்கும். திண்டுக்கல்காரருக்கு அம்புட்டுப் பயமா இருந்தா, ஒங்க ஊருப் பூட்டு ஒண்ணு கொண்டாந்து பூட்டி வைய்யும்." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சூசையம்மாவின் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை.

3. இறங்கிய லோடு

பௌர்ணமி அன்று காலையிலிருந்தே தெற்கத்திக் காற்று. லாரியில் லோடு ஏற்றி முடித்திருந்தோம். டிரைவர் பெருமாள் செம்பட்டிக்காரர். வண்டியை எடுக்கப் போகும்போது பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்கள். கிணறு இருக்கும்போதே மொண்டு வைக்கிற ஓட்டம் அது.

பார் உடைந்த இடத்தில் அலை உடையவில்லை. அப்படியே நேராக வந்தது. மற்ற இடத்தில் நுரை தெரிந்தது, அந்த வாசலில் மட்டும் தண்ணீர் வழவழவென்று மேடாக வந்தது. நுரை இல்லாத அலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்க வேண்டாம்.

நான் லாரியில் ஏறிக் கல்லைக் கீழே தள்ள ஆரம்பித்தேன்.

"மேஸ்திரி, கிறுக்குப் புடிச்சிருச்சா? மொதலாளி என்னையக் கொன்னுருவாரு!" என்று பெருமாள் கத்தினார்.

"கொல்லட்டும். நீ பின்கதவத் தெற."

முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிட்டார். கல்லை உடைத்த ஆட்களே கைமாற்றிக் கைமாற்றிக் கிணற்றைச் சுற்றி அடுக்கினார்கள்.

"என் லோடுய்யா அது! கீழ வைங்கய்யா!" என்று காண்ட்ராக்டர் மேட்டில் நின்று கூவினார்.

"கீழதான் வச்சிருக்கோம். எறங்கி வந்து எடுத்துக்க!" என்றாள் சூசையம்மா.

மார்பளவுக்கு அடுக்கினோம். பிரயோஜனமில்லை. கடலுக்குள் அந்தக் கல் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து கிடந்தது. கடப்பாரை வளைந்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே அது வெறும் குவியல். ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே வந்தது. உடைத்த கையாலேயே திரும்ப அடுக்கினாலும் அது பார் ஆகாது. அதைப் புரிந்துகொண்ட நேரத்தில்தான் கடல் என் முழங்காலுக்கு வந்திருந்தது.

அலை கிணற்றுச் சுவரில் மோதியது. மேலே தாண்டவில்லை. சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. கிணறு தப்பியது என்று யாரும் சந்தோஷப்படவில்லை. சூசையம்மா ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தாள். எனக்கும் ஊற்றினாள். குடிக்கலாம், ஆனால் நன்றாகவே கரித்தது.

"இன்னைக்கு இம்புட்டு. அடுத்த பௌர்ணமிக்கு?" என்றாள். என் தூக்குவாளியை வாங்கி நிறைய ஊற்றி மூடினாள். "இத ஒங்க மொதலாளிகிட்டக் கொடுங்க. குடிச்சிட்டு அப்பறம் கல்லு கேக்கச் சொல்லுங்க."

4. காப்பி

காலி லாரியில் திண்டுக்கல் வந்து சேர்ந்தேன். பேகம்பூரில் என் வீடு. தூக்குவாளியை அடுப்படியில் வைத்துவிட்டு அசதியில் படுத்தேன். எழுந்ததும் என் மனைவி பாத்திமா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். ஷாப்புக்குக் கிளம்பும்போது பார்த்தால் தூக்குவாளி கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

"இதுல இருந்த தண்ணி எங்க?"

"அதுலதாங்க காப்பி போட்டேன். இன்னும் தண்ணி எறைக்கல. ஏன், நல்லாத்தான இருந்துச்சு?"

என்றைக்கும் போலத்தான் இருந்தது. அத்தனை கரித்த தண்ணீரில் போட்டும்.

கொல்லைக்கு ஓடிக் கிணற்றில் இறைத்து நாக்கில் வைத்தேன். சூசையம்மாவின் தண்ணீரேதான். அங்கே ஒரு பருவத்தில் நடந்தது இங்கே பல வருஷமாக நடந்திருக்கிறது. தினமும் நேற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த நாக்குக்கு எதுவும் தெரியவில்லை. உப்பு எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊறல் குழியில் கழுவிய தண்ணீரை எல்லா ஷாப்பிலும் பின்பக்க மண்ணில்தான் விட்டோம், அது ஊறிக் கிணறுகளுக்கு வந்திருக்கிறது. அந்த உப்பும் கடற்கரையிலிருந்து மூட்டையில் வந்த உப்புதான். நான் பயந்த கடல் எனக்கு முன்னாலேயே என் வீட்டுக் கிணற்றுக்கு வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். பாத்திமா எங்கள் சின்ன மகன் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டு, வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அங்கன கடலு வந்தா மேட்டுக்கு ஓடலாம். நாம எங்கிட்டுங்க ஓடுறது?" என்றாள்.

அதே தூக்குவாளியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி எடுத்துப்போய் முதலாளி மேஜையில் வைத்தேன். "குடிச்சிட்டு, எந்த ஊருத் தண்ணின்னு சொல்லுங்க மொதலாளி" என்றேன். அவர் அதைத் தொடவில்லை. "லோடு எங்கடா?" என்றார். இனிமேல் கல்லுக்குப் போகமாட்டேன் என்றேன். அடுத்த வாரம் வேறு ஆளை அனுப்பினார். அவருக்கு மதுரையிலிருந்து குடிதண்ணீர் வந்துகொண்டிருந்தது, அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பெருமாள்தான் பின்னால் வந்து சொன்னார். குப்பம் உள்ளே தள்ளிப் போய்விட்டது. கிணற்றுச் சுவர் மட்டும் கடலுக்குள் நிற்கிறது. நாங்கள் அடுக்கிய கல் என்ன ஆனது? காண்ட்ராக்டர் ஒன்றுவிடாமல் பொறுக்கி லாரியில் ஏற்றிவிட்டார். அது எங்கள் காளவாயில்தான் வெந்திருக்கும், என் குழிக்குத்தான் வந்திருக்கும். சுண்ணாம்பு பால் மாதிரி இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீரை நேற்றோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் ஆத்தா கல்யாணமாகி வந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டு, அதோடு ஒப்பிடுங்கள். சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறதோ அங்கேயும் ஒரு கை அள்ளிக் குடியுங்கள். பிறகு ஒரு தம்ளர் ஊற்றி முதலாளியிடம் நீட்டுங்கள். அவர் குடிக்கவில்லை என்றால் பயப்படுங்கள். நான் பயப்பட்டது தாமதமாகத்தான்.