உவர் நிலத்தில் நட்ட கொழுக்கட்டைப் புல்

நடந்தவை, வரிசையாக:

1. திண்டிவனம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் நான் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்த வருடம், மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஒரு பெண்மணியின் அரை ஏக்கரில் பத்து சென்ட்டைத் தீவனப் புல் சோதனைக்கு எடுத்தோம்.
2. அங்கே தானாக முளைத்திருந்த குட்டைப் புல்லைக் களை என்று சொல்லி, என் மேலதிகாரி வேரோடு பிடுங்கச் செய்தார்.
3. அந்த இடத்தில், மழையில்லாமலும் பிழைக்கும் கொழுக்கட்டைப் புல்லை நடவைத்தார்.
4. சோதனையைப் பார்வையிட மேலிடத்து ஆட்கள் வருவதற்கு முந்தைய மூன்று வாரமும் டேங்கரில் நல்ல தண்ணீர் வந்து பாய்ந்தது.
5. புல் பச்சையாக நின்றது. உப்பைத் தாங்கும் புல் என்று அறிக்கை போனது. அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

வறட்சியைத் தாங்குவது வேறு, உப்பைத் தாங்குவது வேறு. காய்ந்த மண்ணில் இந்தப் புல் வேரை ஆழமாக இறக்கித் தண்ணீரைத் தேடிக்கொள்ளும். உவர் மண்ணில் தண்ணீர் இருந்தாலும் உப்பு அதை வேருக்கு விடாது. இளநிலை இரண்டாம் ஆண்டுப் பாடம் இது. மேலதிகாரி முனைவர் பட்டம் வாங்கியவர். டேங்கர் தண்ணீர் உப்பைக் கீழே தள்ளியிருக்கிறது, கோடையில் மறுபடி மேலே ஏறும் என்று மண்ணின் உப்பை அளக்கும் மீட்டரைக் காட்டிச் சொன்னேன்.

"வறட்சிக்கே சாகாதது உப்புக்கா சாகப் போவுது? மீட்டர பையில போடும்மா, போட்டோவுல வுழுது."

நிலத்துக்காரரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய இரண்டு கறவை மாடுகளுக்கும் மேய்ச்சல் அந்த அரை ஏக்கர்தான்.

"பாப்பா, மிச்சத்தையும் ஓட்டிட்டு இதையே வெச்சிடுன்றாரு சாரு. நீ இன்னா சொல்ற?"

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலதிகாரி இரண்டடி தள்ளி நின்றிருந்தார். கோழைத்தனத்துக்கு அவ்வளவு தூரமே போதுமாக இருந்தது.

அக்கா உழுது நட்டுவிட்டார். அவர் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சித்திரையில் நுனி கருகி, வைகாசிக்குள் மொத்தமும் வைக்கோல் நிறமானது. "அந்தம்மா சரியா தண்ணி கட்டல" என்று மேலதிகாரி கோப்பில் எழுதச் சொன்னார். நான் எழுதாமல் நிலத்துக்குப் போனேன்.

அக்கா வரப்பில் தப்பியிருந்த குட்டைப் புல்லில் ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார்.

"களைன்னு புடுங்கனீங்களே, இத்ததான் எங்க மாடு தின்னுக்கினு இருந்திச்சி. நக்கிப் பாரு. படிச்சவங்க ஒருத்தராவது நக்கிப் பாத்தீங்களா?"

இலையின் மேல் உப்பு பூத்திருந்தது. உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும் புல். அந்தச் சுரப்பிகளைப் படம் வரைந்து பத்து மதிப்பெண் வாங்கியவள் நான். மூன்று மாதம் அதன்மேல் செருப்போடு நடந்திருக்கிறேன்.

இப்போதைய நிலை: தீவனமில்லாமல் ஒரு மாட்டை ஒலக்கூர்க்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று. உப்பளக் கரையிலிருந்து குட்டைப் புல்லை வேரோடு கொண்டுவந்து அக்கா நட்டுவருகிறார். கால்வாசி நிலம் மூடியிருக்கிறது. என் கையெழுத்தை நீக்கக் கேட்டு, காரணத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அறிக்கை திருத்தப்படவில்லை.