வேட்டைக்காரர்களுக்கு ஒரு நாற்காலி

சைமி கெரானென் ஒரு பகையைப் பிடித்தால் அதைப் பாலூட்டி வளர்ப்பாள் என்பது கொர்ப்பிவாரா கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு படகு விஷயமாகச் சித்தப்பா மகனோடு பேச்சை நிறுத்தினாள். அவனுடைய கல்யாணத்துக்குப் போனாள், வயிறாரச் சாப்பிட்டாள், நல்லதாக ஒரு பரிசும் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினாள். அந்தப் பரிசுதான் தன்னை அதிகம் வதைத்தது என்று அவன் பின்னாளில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை டாக்சியில் ஏற்றி இறக்குவது அவள் பிழைப்பு. அப்பா இறந்தபோது அவருடைய துப்பாக்கியும், சாலையிலிருந்து ஏரிவரை நீண்டு கிடக்கும் காடும் அவளுக்கு வந்தன. அந்தக் காட்டைக் கிராமத்து வேட்டைக் கழகத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாள். கழகத்தில் அவள் ஒருத்திதான் பெண். இலையுதிர் காலத்து மூஸ் மான் வேட்டையில் நாய் விடுவது அவள் பொறுப்பு. நாய் காட்டுக்குள் ஓடி, மூஸைக் கண்டுபிடித்து, அதை நகரவிடாமல் நிறுத்திக் குரைக்கும். துப்பாக்கிக்காரர்கள் அந்தக் குரைப்பை வைத்துத்தான் போவார்கள். அவளுடைய துயிஸ்கு அந்த வேலையில் மன்னன். சாம்பல் நிற நாய், சுருண்ட வால். மூஸ் முட்ட வந்தாலும் ஒதுங்குமே தவிர ஓடாது.

அந்தப் பக்கத்தில் ஓநாய்கள் வந்து குடியேறிய பிறகு, நாயை விடுவதற்கு முன் ஒருவர் வேட்டைப் பகுதியைச் சுற்றியுள்ள எல்லாச் சாலைகளிலும் வண்டி ஓட்டிப் போய், புதுப் பனியில் ஓநாய்த் தடம் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தடம் இல்லையென்றால் வாக்கிடாக்கியில் "சுத்தம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் கழுத்துக் கயிறு அவிழும்.

அந்த அக்டோபர் காலையில் சுற்றி வந்தவர் கழகத் தலைவர் தைஸ்தோ மொய்லானென். "சுத்தம்" என்றார். கழகம் முழுவதும் கேட்டது. சைமி நாயை விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நாயின் கழுத்துப்பட்டையிலுள்ள கருவி காட்டும் புள்ளி கைப்பேசி வரைபடத்தில் அசையாமல் நின்றது. குரைப்பும் இல்லை. சைமி ஓடினாள். சதுப்பு நிலத்துப் பக்கம் இருந்த சாலையைக் கடந்தபோது, அவசரத்திலும், நின்று பார்த்தாள். இரவில் பெய்த பனி சாலை முழுக்க மடிப்புக் கலையாத போர்வை போலக் கிடந்தது. டயர் தடம் ஒன்றுகூட இல்லை. குறுக்கே மட்டும் நான்கு ஓநாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருந்தன. அந்தத் தடத்தை ஒட்டியே நடந்து, நாயில் மிச்சமிருந்ததைத் தன் மேலாடையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. தப்புச் செய்த மனிதன் தானாக வாயைத் திறப்பான், அதற்கு அவகாசம் கொடுப்பதுதான் முறை என்று நினைத்தாள். தைஸ்தோ வந்து அவள் தோளைத் தட்டினார். "பாவம், நல்ல நாய்" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். ஓநாய்களைப் பற்றி அரசாங்கம் முடிவெடுக்கும் முன் ஊராரைக் கேட்பதற்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைந்திருந்தது. அதுவரை அதிகாரிகள் வருவார்கள், திரையில் படம் காட்டுவார்கள், போவார்கள். வேட்டைக்காரர்கள் பின்சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். வருஷக்கணக்கில் மனு மேல் மனு போட்டு, இப்போது நில உரிமையாளர்களுக்கும் ஆடு வளர்ப்பவர்களுக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் நடுவே வேட்டைக்காரர்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. ஒன்றே ஒன்று.

"நாயைப் பறிகுடுத்தவ நான். என்னை அனுப்புங்க" என்றாள் சைமி.

தைஸ்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சைமி, தப்பா எடுத்துக்காத. கோபத்துல இருக்கிறவங்கள அனுப்பினா நம்ம எல்லார் பேரும் கெடும். அங்க நிதானமாப் பேசணும்."

"நிதானம்னா தலைவரை மிஞ்ச ஆள் இல்ல" என்றான் வில்யோ. இறைச்சி வெட்டும் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவன் அவன். "மூஸ் மூக்குக்கு நேரா வந்து நின்னாக்கூட யோசிச்சு முடிச்சுட்டுத்தான் சுடுவாரு. அதுக்குள்ள அது ரஷ்யாவுக்கே போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே தைஸ்தோவுக்குக் கை தூக்கினார்கள். அறையிலிருந்த ஒவ்வொருவரும் அந்த அக்டோபர் காலையில் அந்தச் "சுத்தம்" என்ற குரலைக் கேட்டவர்கள். சைமி ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பெட்ரோல் பங்க் கடையில் காபிக்கு நின்றாள். உள்ளூர் வானொலியில் தைஸ்தோ பேசிக்கொண்டிருந்தார். ஆலோசனைக் குழுவின் முதல் கூட்டம் முடிந்து பேட்டி கொடுக்கிறார். "எல்லாப் பழியையும் ஓநாய் மேல போட முடியாதுங்க. எங்க ஆளுங்க சிலர் தடம் பாக்காமலே அவசரப்பட்டு நாயை விட்டுடறாங்க. போன வருஷம்கூட எங்க கழகத்துல அப்படி ஒண்ணு நடந்துச்சு. நாங்க திருந்தணும்."

கடைக்காரி சட்டென்று ஒலியைக் குறைத்தாள். "பன்னு சூடா இருக்கு, ஒண்ணு வைக்கட்டுமா?"

"சத்தத்தைக் கூட்டு" என்றாள் சைமி.

கடைசிவரை கேட்டாள். அதிகாரிகள் முன்னால் நல்ல பிள்ளை ஆக அந்த மனிதருக்கு ஒரு முட்டாள் தேவைப்பட்டிருக்கிறது. காபிக் கோப்பையைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் மனம் லேசாக இருந்தது. பகைக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது.

மே மாதம் கொட்டகையைக் கழுவிச் சுத்தம் செய்யக் கழகத்தார் எல்லோரும் கூடியிருந்தபோது சைமி வந்தாள். ரப்பர் காலணி போட்டு வரவில்லை. அதிலேயே எல்லோருக்கும் ஏதோ புரிந்தது.

"குத்தகையை நிறுத்துறேன். என் காட்டை நானே வெச்சுக்கிறேன்."

வில்யோ தண்ணீர்க் குழாயை மூடினான். "ஏய், விளையாடாத. உன் காடு நட்டநடுவுல கிடக்கு. அது போனா நம்ம பகுதி ரெண்டாப் பிளந்துரும். ரெண்டு துண்டுமே மூஸ் வேட்டைக்கு அனுமதி வாங்குற அளவுக்குப் பத்தாது."

"எனக்கும் வரைபடம் பாக்கத் தெரியும்."

"அப்ப நீயும்தானே வேட்டையாட முடியாது!"

"முயல் அடிச்சுக்கிறேன்."

"முயல் அடிக்கிற மூஞ்சியப் பாரு" என்று யாரோ பின்னாலிருந்து முனகினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"சரி, என்னதான் வேணும் உனக்கு?" என்றான் வில்யோ.

"நாற்காலி."

தைஸ்தோ தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், தேய்த்த இடத்தையே மறுபடியும் மறுபடியும். ஒரு வாரத்துக்குள் அவர் உடல்நிலையைக் காரணம் சொல்லி ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். கழகம் சைமியின் பெயரை அனுப்பியது. பழிவாங்கல் அத்தோடு முடிந்தது என்று கிராமம் பெருமூச்சு விட்டது.

தைஸ்தோவுக்கு மட்டும் அந்த நம்பிக்கை இல்லை. கோடையில் ஒருநாள் சைமியின் வாசலில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, ஒரு நாய்க்குட்டியை வெளியே எடுத்தார்.

"வடக்கே நல்ல வம்சம். உனக்குத்தான்."

சைமி குட்டியைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள்.

"நாற்காலி உனக்குப் போச்சு, நான் மூச்சு விடல" என்றார் தைஸ்தோ. "ஆனா ஒண்ணு யோசி. ஓநாய் அதுபாட்டுக்கு வந்து நாயைக் கொன்னுச்சுன்னா, ஓநாய் சுட நமக்கு அனுமதி கேக்கலாம். மனுசன் ஒழுங்காச் சுத்திப் பாக்கலன்னு நீ சொன்னா ஆபீசர் என்ன சொல்லுவான்? முதல்ல நீங்க ஒழுங்கா இருங்கம்பான். அன்னைக்குக் காலையில நடந்ததைக் கிளறாத. உனக்கு அந்த ஓநாய்ங்க சாகணுமா, வேண்டாமா?"

சாகத்தான் வேண்டும். நான்கும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கனவில்கூட அவற்றைச் சுட்டிருக்கிறாள். அந்த மனிதர் சொன்ன கணக்கும் சரிதான், அதுதான் எரிச்சல். ஓநாயைப் பழிவாங்க வேண்டுமானால் இவரை விட வேண்டும். இவரைப் பழிவாங்கினால் ஓநாய் பிழைத்துக்கொள்ளும்.

அவள் குட்டியின் காதை நீவிக்கொண்டே நின்றாள். அந்த ஊரில் மறுக்காமல் நின்றால் சம்மதம் என்று அர்த்தம். காடு விற்பது, பெண் கேட்பது எல்லாமே அப்படித்தான் முடியும். தைஸ்தோ தலையை ஆட்டிக்கொண்டு, திருப்தியாக வண்டியேறிப் போனார்.

செப்டம்பரில் நகர மன்ற அரங்கில் குழு கூடியது. பார்வையாளர் வரிசையில் கழகத்தார் சலவை செய்த ஸ்வெட்டர்களில் வந்து உட்கார்ந்திருந்தார்கள், தைஸ்தோ நடுவில். கூட்டத்தை நடத்தியது ரீக்கா என்ற இளம் அதிகாரி. அந்த ஆண்டு இந்தப் பகுதியில் ஓநாய் சுட அனுமதி கொடுக்கலாமா என்பதுதான் பேச்சு. சைமியின் முறை வருவதற்குள் இயற்கை ஆர்வலர்களின் பிரதிநிதியான அம்மாள் குறுக்கிட்டார்.

"அனுமதிக்குக் காரணமாச் சொல்றது போன வருஷம் செத்த ஒரு நாயை. அது கவனமில்லாம விட்ட நாய்னு அவங்க தலைவரே வானொலியில சொல்லிட்டாரே?"

ரீக்கா சைமியைப் பார்த்தாள். "அது உங்க நாய்தானே? அப்படித்தான் நடந்துச்சா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். தலைவர் தவறாகச் சொல்லிவிட்டார், எல்லாம் முறைப்படி நடந்தது, ஓநாய் பிறகுதான் உள்ளே வந்தது என்று முடித்துவிடலாம். அனுமதி கிடைத்தாலும் கிடைக்கும். பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

சைமி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சுத்திப் பாக்குற வேலை அன்னைக்கு என்னுது இல்ல. கழகத் தலைவர் தைஸ்தோ மொய்லானெனோடது. அந்தா உக்காந்திருக்காரு, பச்சை ஸ்வெட்டர். வாக்கிடாக்கியில 'சுத்தம்'னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் நான் நாயை விட்டேன். சதுப்புப் பக்கத்து ரோட்டுல அவரு வண்டித் தடமே இல்ல. நாலு ஓநாய்த் தடம் இருந்துச்சு. அவரு அந்தப் பக்கம் போகவே இல்ல." பிறகு திரும்பினாள். "வில்யோ, அவரு 'சுத்தம்'னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?"

வில்யோ மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரங்கம் முழுவதும் அவனைப் பார்த்தது.

"விழுந்துச்சு."

"ஏரோ, உனக்கு?"

"விழுந்துச்சு" என்றான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், தரையைப் பார்த்து.

பிப்ரவரியில் பார்த்து வைத்த முகங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ரீக்கா தடுக்க வாயெடுத்து, தடுக்காமல் விட்டாள். கடைசியில், யாரும் கேட்காமலே, தைஸ்தோ எழுந்து நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அந்த ரோட்டுல பனி தள்ளியிருக்கல. வண்டி சிக்கிக்கும்னு..." என்றவர், அப்படியே உட்கார்ந்தார். இரு பக்கமும் இருந்தவர்கள் அவரவர் நாற்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

"நீங்க சொன்னதுக்கு அப்புறம் உங்க பகுதிக்கு அனுமதி கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்" என்றாள் ரீக்கா, மெதுவாக. "தெரியுதுங்களா?"

"தெரியும்."

"வேட்டைக்காரர்கள் தரப்புல வேற ஏதாவது?"

"அனுமதி குடுங்கன்னு கேக்குறோம். குடுக்க மாட்டீங்கன்னும் தெரியும். ரெண்டையும் எழுதிக்குங்க."

காபி இடைவேளையில் இயற்கை ஆர்வலர் அம்மாள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு நேர்மை! நன்றிங்க."

"உங்களுக்காகச் சொல்லல" என்று கையை விடுவித்துக்கொண்டாள் சைமி.

தைஸ்தோவின் வண்டி கிளம்பிப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவரோடு யாரும் ஏறவில்லை. வில்யோ அவளருகே வந்து பல்லைக் கடித்தான்.

"நாலு ஓநாயையும் நீயே காப்பாத்திட்ட, போ. அந்தம்மா உனக்குச் சிலை வைப்பா. இவ்வளவு வருஷம் கத்திக் கத்தி வாங்கின நாற்காலிடி அது. எல்லாத்தையும் ஒரு ஆளுக்காகக் கொட்டிக் கவுத்துட்டியே!"

"அதுங்களை அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்" என்றாள் சைமி. "இந்த வருஷம் இவன்."

அவன் மற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தான். அவர்கள் சுவரோரமாக ஒரு கூட்டமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். காபி மேசையில் வரிசை இருந்தது. சைமி போய் நின்றதும் அவளுக்குப் பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை. அதனால் அவசரம் இல்லை. ஏலக்காய் வாசம் வந்த பன் தட்டை முதலில் பார்த்தாள், பிறகு அடுத்ததை. இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு, ஜன்னலோரம் காலியாக இருந்த மேசையில் உட்கார்ந்து, இரண்டையும் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.