பலகை நுனி சக்திகுமார்

சக்திகுமாரைப் பத்தி எங்கிட்ட கேட்டா, அவன் வண்டியில உக்கார்ற லட்சணத்தைத்தான் முதல்ல சொல்லுவேன். நான் கம்பெனி வேன் ஓட்டுறவன். குன்றத்தூர்ல ஆள் ஏத்தி ஒரகடத்துல இறக்கணும், அங்க ஷிப்ட் முடிச்சவங்களை ஏத்திக்கினு திரும்பி வரணும். வருசக்கணக்கா இதே பொழப்பு, முதுகெலும்பு தேஞ்சி போச்சி. வல்லக்கோட்டைக்கு முன்னால ஒரு வளைவு கீது. அங்க வண்டி சாயும்போது எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சரிவாங்க. இவன் மட்டும் எதிர்ப்பக்கமா உடம்பைத் தள்ளி, ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கினு பாதி ஆள் வெளிய தொங்குவான். "டேய், தலையை உள்ள வாங்குடா, என் பொழப்புல மண்ணைப் போடாத"ன்னு கத்துவேன். "வண்டிய நிமுத்துறேன் டில்லி அண்ணே"ன்னுவான். வேன் மொத்தமும் சிரிக்கும்.

தொண்டி பக்கம் ஒரு கடலோரத்து ஊரு அவனுக்கு. அங்க கோயில் திருவிழாவுக்கு வத்தைப் போட்டி வைப்பாங்க. வத்தைன்னா பாய் கட்டின சின்னப் படகு. குறுக்கால ஒரு நீளப் பலகை போட்டிருப்பாங்களாம். காத்து படகைக் கவுக்கப் பார்க்கும்போது, ஆளுங்க அந்தப் பலகை மேல வெளிய போய், கடலுக்கு மேல தொங்கி, படகை நிமுத்திக்கினே ஓட்டணும். பலகையோட கடைசி நுனி இவன் இடம். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே பிடிச்ச இடம். இங்க காண்ட்ராக்ட்ல சேந்த பிறகும் அவன் ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான். பைக் வேணாம், கல்யாணம் வேணாம், அந்த நுனி கைவிட்டுப் போகக் கூடாது.

அதுக்கு அந்த ஊர்ல ஒரு வழக்கம் கீது. போட்டி முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே, சுக்கான் பிடிக்கிறவரு அடுத்த வருசத்து ஆளுங்களுக்கு வெத்தலை கொடுப்பாரு. வாங்கினவன் எந்த மூலையில இருந்தாலும் வந்து சேரணும். வெத்தலைத் தட்டு ஒருத்தனைத் தாண்டிப் போச்சின்னா அவன் இடம் போச்சின்னு அர்த்தம். யாரும் வாயால சொல்ல மாட்டாங்க.

அதனால வருசா வருசம் லீவுக்கு மல்லுக்கட்டு. இவன்கூட சேந்தவங்கள்லாம் பர்மனென்ட் ஆயிட்டாங்க. இவன் பேரு வரும்போதெல்லாம் ஆப்சென்ட் கணக்கு முன்னால வந்து நிக்கும். வேலையில குறை சொல்ல முடியாது. லைன்ல சைரன் அடிச்சா மிஷின்லேர்ந்து கையை எடுத்துட்டு, மஞ்சள் கோட்டுக்கு இந்தாண்ட ஒரு அடி பின்னால வந்து நிக்கணும். ஒருத்தனுக்கு விரல் போனப்புறம் போட்ட சட்டம். அதையே திரும்பத் திரும்பப் பண்ண வைப்பாங்க. சக்தி அதுல படு கெட்டி. புதுசா வர்ற பசங்களுக்கு இவனைத்தான் செஞ்சி காட்டச் சொல்வாரு சூப்பர்வைசர். கண்ணை மூடிக்கினு தூங்கினாலும் சைரன் அடிச்சா கால் தன்னால பின்னால போகும்.

ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல லீவே தர மாட்டேன்னுட்டாங்க. போட்டிக்கு முந்தின நாள் முதல் ஷிப்ட் முடிச்சவனை ஓ.டி. பாருன்னு நிறுத்தி வெச்சிட்டாங்க. ராத்திரி வெளிய வந்தப்போ அவன் மூஞ்சைப் பார்க்க எனக்கே பேஜாரா இருந்திச்சி. பஸ்ஸைப் பிடிச்சி போற நேரம் தாண்டிப் போச்சி. "சரி ஏறித் தொலை"ன்னு என் மச்சானோட ஆம்னி வேனை எடுத்தேன். என் வூட்டுல என்னைத் திட்டினது தனிக்கதை.

வழியெல்லாம் நான் தூங்கிடக் கூடாதுன்னு அவன் பேசிக்கினே வந்தான். லீவு கவலையில அவன் தூங்கி ரெண்டு நாள் ஆச்சி, கண்ணு செக்கச் செவேல்னு கீது.

"வேகமா போறவன் ஜெயிக்கிறதில்லண்ணே," ன்னான். "திரும்பி வரும்போது காத்துக்கும் எதிராளிக்கும் நடுவுல யாரு நிக்கிறாங்கிறதுதான் சமாச்சாரம். அவன் பாய்க்கு வர்ற காத்தை நம்ம பாய் தின்னுரும்."

"அதுக்குப் பேரு போட்டியாடா? தண்ணி லாரிக்காரன் ரோட்டை அடைச்சிக்கினு போற மாதிரி கீது."

"அதேதாண்ணே," ன்னு சிரிச்சான்.

விடிஞ்சி கொஞ்ச நேரத்துல போய்ச் சேந்தோம். சுக்கான் பிடிக்கிறவரு ரத்தினம்னு ஒரு பெரிய ஆளு, சக்திக்கு மாமா முறை. இவன் மூஞ்சைப் பார்த்தாரு. "தூங்குனியாடா?"ன்னாரு. "தூங்குனேன் மாமா"ன்னு சத்தியம் பண்ணாத குறையா பொய் சொன்னான்.

தென்காத்து நல்லா அடிச்சிது. கரையிலேர்ந்து கிழக்கால போயி, மிதவையைச் சுத்திக்கினு திரும்பக் கரைக்கு வரணும். நிறைய படகு ஓடிச்சி, போகப் போக ரெண்டுதான் முன்னால நின்னுச்சி. இவங்களுது சிவப்புப் பாய், எதிராளிக்கு நீலம். மிதவைகிட்ட நீலப் பாய்க்காரன் ஒட்டிக்கினு சட்டுனு திரும்பிட்டான். ரத்தினம் மட்டும் தெக்கால அகலமா வட்டமடிச்சிப் போறாரு. நான் தலையில கை வெச்சிட்டேன். "இன்னாய்யா உங்க ஆளு, வூட்டுக்கு வழி தெரியாம சுத்துறாரு"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டேன். அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கினாரு.

அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சிது. நீலத்துக்குப் பின்னால வந்தாலும், சிவப்பு இப்போ காத்து வர்ற பக்கம் நிக்குது. பக்கத்துல நெருங்க நெருங்க நீலப் பாய் தொளதொளன்னு ஆட ஆரம்பிச்சிது. வழியில சக்தி சொன்னது அப்படியே நடக்குது. சிவப்புப் படகுல பலகை தெக்கால நீட்டிக்கினு கீது, நுனியில சக்தி, முதுகு தண்ணியை உரசிக்கினு வரான். அவ்ளோ தூரத்துலயும் அவன் பல்லு தெரிஞ்சிது. இத்தனை வருசத்துல ஷிப்ட் முடிஞ்சி வந்த ஒரு நாளாவது அவன் அப்படிச் சிரிச்சி நான் பார்த்ததில்ல.

கரையோரம் கொடி கட்டின எல்லைக்கோட்டுக்கிட்ட வரும்போது ரெண்டு படகு மூக்கும் சமமா வந்துச்சி. அப்புறம் சிவப்பு ஒரு முழம் முன்னால வந்துச்சி. ஜெயிச்சாச்சின்னு நானே எழுந்துட்டேன்.

அந்த நேரம் பாத்து, அடுத்த போட்டிக்காரங்களைக் கூப்பிட கமிட்டிக்காரங்க மைக்குல சைரனை அலற விட்டாங்க.

சக்தி கையை எடுத்தான். எழுந்தான். பலகை மேலயே உள்பக்கமா ஒரு அடி பின்னால வந்து நின்னான்.

அவ்ளோதான். படகு வடக்கால சாஞ்சிது, பாய் முனை தண்ணியில அடிச்சிது, வேகம் செத்துச்சி. நீலம் ஒரு மூக்கு நீளத்துல கோட்டைத் தாண்டிப் போச்சி. கரையில யாருக்கும் ஒண்ணும் புரியல. காலு வழுக்கிடிச்சின்னாங்க, மயக்கம்னாங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சிது. மஞ்சள் கோடு எங்க கீது அந்தக் கடல்ல?

படகைக் கரையேத்தின பிறகு ரத்தினம் திட்டல. "என்னடா ஆச்சு?"ன்னாரு.

"சைரன் சங்கு கேட்டுச்சு மாமா," ன்னான் சக்தி. "கம்பெனில சங்கு கேட்டா கையெடுத்துட்டுப் பின்னால வந்துரணும். நான் வரல மாமா. காலு வந்துருச்சு."

ரத்தினம் குனிஞ்சி அவன் காலைப் பார்த்தாரு. "தப்பு ஒன்னோடது இல்லப்பா. ஒடம்பு அங்க வேலைக்குப் போயிருச்சு," ன்னாரு. கோவமா சொல்லியிருந்தா தேவலை. அலுத்துப் போன குரல்ல சொன்னாரு.

சாயங்காலம் எல்லாரும் மணல்ல உக்காந்தாங்க. தட்டு வந்துச்சி. ரத்தினம் ஒவ்வொருத்தருக்கா வெத்தலை எடுத்துக் கொடுத்தாரு. சக்தி முன்னாடியே கையை நீட்டி வெச்சிருந்தான். தட்டு அவனைத் தாண்டி அடுத்த ஆளுகிட்ட போச்சி. நீட்டின கையை அவன் மடக்கி மடியில வெச்சிக்கினான்.

ராத்திரியே கிளம்பித் திரும்பி வந்துட்டோம். வந்த அடுத்த நாளே ஷிப்ட்டுக்குப் போயிட்டான்.

அடுத்த வருசம் திருவிழா வந்துச்சி. அவன் லீவு கேக்கல. அதுக்கடுத்த வருசமும் கேக்கல. ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லன்னு மேடையேத்திக் கைதட்டினாங்க, பர்மனென்ட்டும் ஆச்சி. கையில ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினாங்க. அன்னிக்கும் என் வண்டியிலதான் வந்தான், அதே ஜன்னலோரம், கடிகாரப் பெட்டி மடியில.

வல்லக்கோட்டை வளைவு வந்துச்சி. பழக்க தோஷம், "தலையை உள்ள வாங்குடா"ன்னு சொல்ல வாயைத் தொறந்துக்கினே கண்ணாடியில பார்த்தேன். வண்டி சாஞ்சிது. அவனும் எல்லாரோடவும் சேந்து சரிஞ்சி, பக்கத்து ஆளு தோள்ல தலையைப் போட்டுத் தூங்கிக்கினு இருந்தான். நான் கியரை மாத்திட்டு வண்டியை ஓட்டினேன்.