காலித் தொட்டிலில் ஒரு கோடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கணவரும் அன்று கூடவே இருந்தார். இப்போது அவரைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சைத் தொடாமலே கவனிக்கும் ரேடார் கருவி ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்தோம். அலையை அனுப்பும் ஆண்டெனா அவர் பொறுப்பு. குழந்தையின் மேல் பட்டுத் திரும்பும் அலையை வாங்கும் ஆண்டெனா என்னுடையது. இரண்டும் ஒட்டி ஒட்டி இருப்பதால், அவருடைய அலை நேராக என்னுடையதற்குள் கசியும். அந்த இரைச்சலில் பிஞ்சு மூச்சு மூழ்கிவிடும்.

"நீங்க கத்துற கத்துல எனக்கு வேற எதுவுமே கேக்கல" என்பேன்.

"வீட்டுல மட்டும் தலைகீழ்" என்பார்.

அன்று பிற்பகல், நடுவே ஒரு உலோகத் தடுப்பு வைத்தோம். இரைச்சல் அடங்கியது. எதிரே, மருத்துவமனையில் இரவல் வாங்கிய இரண்டு தொட்டில்களில் ஒன்று. காலி. திரையில் கோடு நேராகப் படுத்திருக்க வேண்டும்.

படுக்கவில்லை. ஏறியது... இறங்கியது... ஏறியது.

காலித் தொட்டிலில் மூச்சைக் காட்டும் கருவி, நாளை ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றாலும் வாய் திறக்காது.

"மிச்சக் கசிவுதான்மா. தடுப்ப இன்னும் உயர்த்து."

உயர்த்தினேன். கசிவென்றால் கோடு மங்க வேண்டும்.

தெளிவானது.

ஃபேனை நிறுத்தினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

கோடு மட்டும் ஏறி இறங்கியது... ஏறி...

நின்றது.

ஏன் செய்தேனோ. எட்டி, தொட்டிலின் விளிம்பைத் தட்டினேன்.

டக். டக்.

கோடு எழுந்தது.

"வேற தொட்டில் போடு." என்றார்.

போட்டோம். கோடு அசையாமல் படுத்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. முதல் தொட்டிலை ஆய்வக வராந்தாவில் தள்ளிவிட்டு, வீடு திரும்பினோம்.

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, வார்டு நர்ஸிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"இதுல கடைசியா யாரு இருந்தது, அக்கா?"

"ஒரு பொண்ணு. அடிக்கடி மூச்ச நிறுத்திடும். அவங்கம்மா ராவும் பகலும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. நின்னா, இந்த ஓரத்துல ரெண்டு தட்டு. உடனே திரும்ப விட ஆரம்பிச்சுடும்." விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒரு நாள் கண்ணசந்துட்டாங்க, பாவம்."



முந்தைய இரவு முழுவதும் அந்தத் தொட்டில் ஆய்வக வராந்தாவில் தனியாக நின்றிருந்தது.

தட்ட ஆளில்லாமல்.