பூவம்மாவின் மேட்டுப்பாத்தி

மோட்டாரைப் போட்டதும் பூவம்மா குனிந்து ஒரு வாய் தண்ணீர் பிடித்து, கொப்பளித்துத் துப்புகிறாள். முகம் சுளித்தால் அன்று சிறுகீரைக்கு அந்தத் தண்ணீர் கிடையாது. டிரம்மில் சேர்த்துவைத்த மழைத்தண்ணீர்தான். பருப்புக்கீரைக்கு மட்டும் கரிக்கிற தண்ணீரே போகும். "அது உப்புக்குலாம் சாவாது. திமிரு புட்ச்ச கீர" என்பாள். தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

விம்கோ நகருக்கு மேற்கே, கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் துண்டு நிலம். கடல்தண்ணீர் உள்ளே ஏறி, கிணறெல்லாம் உப்பாகிப் போனதும், சுற்றியிருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு விற்க, உப்பு தாங்கும் அலங்காரப் புல் வளர்க்கப் போய்விட்டார்கள். அதற்கு நல்ல துட்டு. இவளோ கூடை கூடையாக மண் சுமந்து, வெள்ளம் எட்டாதபடி முழங்கால் உயரத்துக்குப் பாத்தி கட்டினாள். இப்போது புல் போட்டவர்களும் இவளிடம்தான் கீரை வாங்குகிறார்கள். அதைச் சொல்லும்போது இடுப்பில் கை ஏறிவிடும்.

பறித்ததில் முதல் பிடி முந்தானைக்குள் போகும். "இது என் வூட்டு சட்டிக்கு." மிச்சம்தான் விற்பனைக்கு. அவசரத்துக்கு எத்தனை கெஞ்சியும் அந்தப் பிடியை எனக்குத் தந்ததில்லை, கறார்க்காரி.

போன வாரம் நான் கீரை வாங்கப் போனபோது, புல் வியாபாரி பக்தவச்சலம் துணி டேப்போடு வந்து நிலத்தை அளந்துகொண்டிருந்தார். வரச்சொன்னது அவள் புருஷன் ஜெயவேல், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். டேப்பின் மறுமுனை அவர் கையில்தான் இருந்தது.

"முழுசா புல்லு போட்டாதாம்மா கட்டுப்படியாவும்" என்றார் வியாபாரி.

பூவம்மா அவர் பக்கம் திரும்பாமல் புருஷனைக் கேட்டாள்.

"யோவ், போன புயல்ல ரோட்டுல தண்ணி நின்னுச்சே. கடையெல்லாம் மூடிகினாங்க, உன் ஆட்டோவும் ஓடல. பசங்க இன்னாத்த துன்னுச்சுங்க?"

"ரேசன் அரிசி சோறு. கீர."

"இன்னா கீர? எங்க வெளஞ்சிது?"

ஜெயவேல் பாத்தியைப் பார்த்தார்.

"புல்லு துட்டு குடுக்கும்யா, நான் இல்லன்னு சொல்லல. அன்னிக்கு உன் பாக்கெட்ல கூட துட்டு இருந்துச்சு. அத்த வேகவெச்சு குடுத்திருப்பியா?"

எனக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது. அவ்வளவு பெருமை.

ஜெயவேல் செருப்பைக் கழற்றினார். கீரை மிதிபடாமல் ஓரமாகவே நடந்து, டேப்பைச் சுருட்டிக்கொண்டே போய் வியாபாரியின் கையில் வைத்தார்.