மனாசேயின் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

கலோலைனே ஆக்லாந்தில் இருக்கும் மகளோடு குடியேறி ஆறு வருடம் ஆகிறது. எங்கள் தீவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் அச்சுக்கடையில், கல்லறையில் கட்டும் பெரிய படங்களைக் கணினியில் சரிசெய்தவள் அவள்தான். நான் அச்சடிப்பேன். நாள் முழுக்க வாயாடிக்கொண்டே வேலை பார்த்த அந்தக் காலத்தை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

தானாக வெளிச்சம் கூட்டும் பொத்தானை அவள் தொடவே மாட்டாள். "அதுக்கு நம்ம ஊர் முகம் தெரியாது. எல்லாரையும் மாவுல புரட்டி எடுத்துடும்" என்பாள். நிழலை மட்டும் மெல்லத் தூக்குவாள், வெள்ளைச் சட்டை வெளிறாமல் பார்த்துக்கொள்வாள்.

மீன்பிடிக்கும் மனாசே இறந்தபோது அவர் மனைவி பிசிலாவிடம் ஒரே ஒரு படம்தான் இருந்தது. தேவாலய ஜன்னலை ஒட்டி நின்றவரை யாரோ கைபேசியில் எடுத்தது. முகமே இருட்டு. கலோலைனே அரை நாள் உட்கார்ந்து அந்த இருட்டிலிருந்து ஆளை வெளியே எடுத்தாள். பிசிலா பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரேதான்."

ஆனால் எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் மனைவி பேச்சு எடுபடாது, செத்தவரின் அக்கா வைத்ததுதான் சட்டம். மறுநாள் காலை அக்கா லோசாலினே பிசிலாவோடு கடைக்கு வந்தார். துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் கந்தல் பாய் சுற்றிய பிசிலா தரையில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"வெளிச்சம் பத்தல. இன்னும் வை."

கலோலைனே வைத்தாள்.

"இன்னும்."

மனாசேயின் மூக்கே கரைந்துவிட்டது. இனி வருடக்கணக்கில் யாரோ ஓர் அந்நியன் முகத்தின் முன்னால்தான் பிசிலா அழ வேண்டும்.

"அவரு கறுப்பாத்தானே இருந்தாரு, அத்தை?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"உன்னை யாருடா கேட்டா? நீ போய் மையை ஊத்து."

செத்தவனையும் வெள்ளைக்காரனாக்கப் பார்க்கிறாள் கிழவி என்று உள்ளுக்குள் பொருமினேன்.

கலோலைனே மவுஸை அவர் கையில் வைத்தாள். "நீங்களே அந்த வெளிச்சப் புள்ளிய நகர்த்துங்க அத்தை. தம்பி தெரியிற இடத்துல நிறுத்துங்க."

அத்தை திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். "புள்ளி எங்க இருக்கு?"

பட்டாணி அளவுப் புள்ளி, கண்முன்னேதான் இருந்தது. அப்போதுதான் கவனித்தோம், அவர் கண்மணி இரண்டும் பால் நிறம்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம். யார்கிட்டயும் சொல்லல. கடைசியா அவன் வந்தப்பகூடக் குரலை வச்சுத்தான் அவன்னு தெரிஞ்சுது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிசிலா நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "உங்களுக்குத் தெரியற மாதிரியே வைங்க அண்ணி. எனக்கு அவர் முகம் மனப்பாடம்."

"போடி. கல்லறைல உன் புருஷன் உன் புருஷனாட்டமே இருக்கட்டும்" என்றார் அத்தை.

கலோலைனே பெரிய படத்தின் வெளிச்சத்தைப் பழையபடி இறக்கினாள். பிறகு முகத்தை மட்டும் தனியே வெட்டி, வெள்ளையை மேலும் வெள்ளையாக்கி, கறுப்பைக் கட்டி கட்டியாக ஏற்றி, முறம் அளவுக்கு ஒன்று அச்சடிக்கச் சொன்னாள். மற்றவர் கண்ணுக்கு அது கிறுக்கல்.

அத்தை அதைக் கண்ணருகே பிடித்தார். பிறகு படத்தின் தாடையைத் தடவினார்.

"கோயிலுக்குச் சவரம்கூடப் பண்ணாம போயிருக்கான் பாரு, படவா" என்று திட்டிக்கொண்டே அழுதார்.